பழைய ஜப்பானியப் பயணச் சுவரொட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஜப்பானியப் பயணச் சுவரொட்டி என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு ரயில்வே நிர்வாகமோ கப்பல் நிறுவனமோ சுற்றுலா வாரியமோ விமான நிறுவனமோ, மக்களைப் பயணத்துக்கு அழைப்பதற்காக அச்சிட்டு, ரயில் நிலையங்களிலும் துறைமுகங்களிலும் பயண முகவர்களின் அலுவலகங்களிலும் ஒட்டிய தாளையே இப்பெயரால் குறிப்பிடுகிறோம். பெரும்பாலும் 1910களிலிருந்து 1970கள் வரை வெளிவந்தவற்றையே சேகரிப்பாளர்கள் இந்தப் பிரிவில் வைக்கிறார்கள். ஃபுஜி மலையும் செர்ரி மலர்களும் தெரிகின்ற எந்தப் படத்தையும் இப்பெயரில் விற்கும் வழக்கம் இணையத்தில் பரவியிருப்பதால், வாங்க நினைப்பவர்கள் முதலில் மூன்று செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: இதை வெளியிட்டவர் யார், யாரை அழைப்பதற்காக வெளியிட்டார், எந்த ஆண்டில் வெளியிட்டார். இவை தெரியாமல் ஒரு சுவரொட்டியை அழகுக்காக மட்டும் மாட்டிவைக்கலாம். தெரிந்துகொண்டால் அதே தாளில் இன்னும் எவ்வளவோ கண்ணுக்குத் தெரியும். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றையும் இந்த எண்ணமே இணைக்கிறது.

இவை எப்போது, எதற்காகத் தோன்றின?

ஜப்பானின் முதல் ரயில் பாதை 1872இல் டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோக்கஹாமாவுக்கும் இடையே திறக்கப்பட்டது. வெளிநாட்டு விருந்தினர்களை வரவேற்பதற்கென்று கிஹின்காய் என்னும் சங்கம், தொழிலதிபர் ஷிபுசாவா எய்ச்சி போன்றவர்களின் முயற்சியால் 1893இல் உருவானது. அதன் பணியை விரிவாக எடுத்துச் செய்ய 1912இல் ஜப்பான் டூரிஸ்ட் பீரோ நிறுவப்பட்டது. இன்றைய ஜேடிபி என்னும் பயண நிறுவனத்தின் வேர் அதுவே.

தொடக்ககாலச் சுவரொட்டிகளில் பெரும்பாலானவை அழகிய பெண்ணுருவங்களையே நடுவில் வைத்தன. கிமோனோ அணிந்த ஒரு பெண், ஓரத்தில் நிறுவனத்தின் பெயர், பின்னணியில் ஒரு கப்பல் அல்லது கடல் என்பதே அன்றைய வழக்கம். அச்சுத் தரம் மட்டும் அப்போதே மிக உயர்ந்திருந்தது. மிட்சுகோஷி என்னும் பெருங்கடை நடத்திய போட்டியில் வென்று 1911இல் வெளியான ஹஷிகுச்சி கோயோவின் சுவரொட்டி, கல்லச்சில் (லித்தோகிராஃபி) 35 முறை நிறம் ஏற்றி உருவாக்கப்பட்டது. அது பயணத்துக்கானது இல்லை என்றாலும், பயணச் சுவரொட்டிகளை அச்சிட்டவர்களும் இதே மரபில் வளர்ந்த கைவினைஞர்களே.

பெரிய திருப்பம் 1930இல் வந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அந்நியச் செலாவணி தேவைப்பட்ட ஜப்பானிய அரசு, ரயில்வே அமைச்சகத்தின் கீழ் சர்வதேசச் சுற்றுலா வாரியம் ஒன்றை அமைத்தது. ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் சுவரொட்டிகள் அச்சிடப்பட்டுக் கடல் கடந்து அனுப்பப்பட்டன. 1934இல் செத்தோ உள்நாட்டுக் கடல், உன்சென், கிரிஷிமா ஆகிய மூன்றும் நாட்டின் முதல் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. வெளிநாட்டவர் தங்குவதற்கென்றே கமகோரி, பிவா ஏரிக்கரை, உன்சென் முதலிய இடங்களில் பெரிய விடுதிகள் எழுந்தன. அந்தப் பத்தாண்டில் வந்த சுவரொட்டிகளில் ஏரியும் எரிமலையும் வெந்நீர் ஊற்றும் அடிக்கடி தோன்றுவதற்கு இந்தத் திட்டமிடலே காரணம். 1940இல் டோக்கியோவில் நடக்கவிருந்த ஒலிம்பிக் போட்டியை நம்பியும் விளம்பரங்கள் தயாராயின. சீனாவுடனான போரின் நெருக்கடியில் ஜப்பான் 1938 ஜூலையில் அந்தப் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. சுற்றுலா வாரியமும் 1942இல் கலைக்கப்பட்டது. மொத்தத்தில் பன்னிரண்டு ஆண்டுகளே இயங்கிய ஓர் அலுவலகம், இன்றுவரை உலகம் ஜப்பானைக் கற்பனை செய்யும் விதத்தில் தன் தடத்தைப் பதித்துச் சென்றிருக்கிறது.

எந்தக் கலைஞர்களை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்?

சுகியூரா ஹிசுய் (1876–1965) அவர்களிலிருந்து தொடங்குவதே முறை. எஹிமே மாகாணத்தின் மட்சுயாமாவில் பிறந்த இவர், மிட்சுகோஷி கடைக்காகப் பல்லாண்டுகள் அட்டைகளும் சுவரொட்டிகளும் வரைந்தவர். ஜப்பானில் வரைகலை வடிவமைப்பு என்பதை ஒரு தனித் தொழிலாக மதிக்கச் செய்த முன்னோடிகளுள் ஒருவர். 1927 டிசம்பர் 30 அன்று உவேனோவுக்கும் அசாகுசாவுக்கும் இடையே 2.2 கிலோமீட்டர் தூரத்துக்குச் சுரங்க ரயில் திறக்கப்பட்டபோது, 'கிழக்கு நாடுகளின் ஒரே சுரங்க ரயில்' என்ற வாசகத்தோடு இவர் ஒரு சுவரொட்டி வரைந்தார். நடைமேடையில் மேற்கத்திய உடையிலும் கிமோனோவிலும் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் நெருங்கி நிற்கிறார்கள். ரயில் அவர்களை நோக்கி வருகிறது. பயணத் தூரம் சில நிமிடங்களே என்றாலும், ஒரு நகரம் தன்னை நவீன நகரமாக முதன்முதலில் கண்டுகொண்ட மகிழ்ச்சி அந்த முகங்களில் தெரிகிறது. ஜப்பானியப் பயணச் சுவரொட்டிகளுள் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன். மலையும் மலரும் கோயிலும் இல்லாமலே, பார்ப்பவரை வீட்டைவிட்டுக் கிளம்பச் செய்யும் ஆற்றல் இதற்கு இருக்கிறது.

சதோமி முனேட்சுகு (1904–1996) இளம் வயதிலேயே பாரிஸுக்குச் சென்று, அங்கேயே கலை பயின்று தொழில் செய்தவர். பிரெஞ்சுச் சுவரொட்டிக் கலைஞர் கசாந்த்ரின் பாதிப்பு இவரிடம் வெளிப்படையாக உண்டு. 1937இல் ஜப்பானிய அரசு ரயில்வேக்காக இவர் வரைந்த சுவரொட்டியில், ஓடும் ரயிலின் சன்னல் வழியே தெரியும் காட்சி மட்டுமே இருக்கிறது: தந்திக் கம்பங்கள் சாய்ந்து பின்னோக்கி விரைகின்றன, நிலமும் மரங்களும் நிறக் கோடுகளாகக் கரைகின்றன. சுற்றுலாத் துறை அப்போது விரும்பிய அமைதியான, அசையாத ஜப்பானை இவர் வேகத்தின் வழியாகக் காட்டினார். நீண்ட காலம் வெளிநாட்டில் வாழ்ந்த ஒருவரின் கண்ணால்தான் இப்படிப் பார்த்திருக்க முடியும் என்று நான் நினைக்கிறேன்.

யோஷிடா ஹட்சுசபுரோ (1884–1955) பறவைப் பார்வை வரைபடங்களுக்குப் பெயர்பெற்றவர். 1914இல் கெய்ஹான் மின்சார ரயில் நிறுவனத்துக்காக இவர் வரைந்த வழிகாட்டி வரைபடத்தைப் பின்னாளில் பேரரசரான இளவரசர் பாராட்டினார். அதன் பிறகு நாடெங்கிலுமிருந்து ரயில் நிறுவனங்களும் ஊர்களும் இவரைத் தேடி வந்தன. நடுவில் உள்ள ஊரைத் துல்லியமாகக் காட்டி, ஓரங்களை வில்லாக வளைத்து, அந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியவே வாய்ப்பில்லாத ஃபுஜி மலையையும் தொலைதூரத் துறைமுகங்களையும் ஒரே தாளுக்குள் கொண்டுவந்துவிடுவது இவரது பாணி. மக்கள் இவரை 'தைஷோ காலத்து (1912–1926) ஹிரோஷிகே' என்று அழைத்தனர். டொக்கைடோ நெடுஞ்சாலையின் ஐம்பத்து மூன்று தங்குமிடங்களை 1830களில் மர அச்சில் வரைந்த ஹிரோஷிகேயோடு ஒப்பிடப்படுவதைவிடப் பெரிய புகழ் ஒரு பயண ஓவியருக்குக் கிடைத்திருக்க முடியாது.

கவாசே ஹசுய், யோஷிடா ஹிரோஷி ஆகியோரின் படங்களும் பயணச் சுவரொட்டிகளா?

இவை பெரும்பாலும் சுவரொட்டிகள் அல்ல. கவாசே ஹசுய் (1883–1957) அவர்களும் யோஷிடா ஹிரோஷி (1876–1950) அவர்களும் ஷின்-ஹங்கா எனப்படும் புதிய மர அச்சு இயக்கத்தின் தலைசிறந்த நிலக்காட்சி ஓவியர்கள். ஹசுயின் படங்களில் பெரும்பாலானவற்றை வெளியிட்டவர் வதனாபே ஷோசாபுரோ. பனி பொழியும் கோயில், மழையில் நனையும் பாலம், நிலவொளியில் ஒரு படகு என்று ஊர் ஊராக நடந்து ஹசுய் வரைந்தவற்றில் பயணத்தின் மணம் இருப்பது மறுக்க முடியாதது. ஷின்-ஹங்கா ஓவியர்கள் சிலரின் படைப்புகள் அரசின் சுற்றுலா விளம்பரங்களில் இடம்பெற்றதும் உண்மையே. ஆயினும் மர அச்சு என்பது சேகரிப்பாளர் கையில் வைத்துப் பார்ப்பதற்காகச் சிறிய அளவில், செதுக்குபவரும் அச்சிடுபவரும் சேர்ந்து கையால் உருவாக்கும் கலைப்பொருள். சுவரொட்டியோ தொலைவிலிருந்து படிக்கப்படுவதற்காக இயந்திரத்தில் அச்சிடப்படுவது.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஹசுயின் மர அச்சை எடுத்து, அதன் மேலோ கீழோ 'ஜப்பான்' அல்லது 'கியோட்டோ' என்று பெரிய எழுத்துகளைச் சேர்த்து, பழைய பயணச் சுவரொட்டி என்ற பெயரில் விற்பது இன்று மிகப் பரவலாக நடக்கிறது. இன்று இப்படி உருவாக்கப்படும் தாள்கள் அந்நாளில் ரயில் நிலையங்களில் ஒட்டப்பட்டவை அல்ல. அதை வாங்குபவர் ஹசுயையும் இழக்கிறார், சுவரொட்டியையும் இழக்கிறார். ஹசுய் வேண்டுமென்றால் எழுத்து சேர்க்காத ஹசுயை, அவர் விட்ட வெள்ளை ஓரத்தோடும் கையொப்பத்தோடும் மாட்டுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

தமிழ் வாசகர்களுக்கு யோஷிடா ஹிரோஷியிடம் இன்னொரு நெருக்கமும் இருக்கிறது. 1930–31இல் இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பயணம் செய்த அவர், தாஜ்மஹாலையும் காசியின் படித்துறையையும் வரைந்ததோடு, மதுரைப் பெருங்கோயிலின் உட்புறத்தையும் மர அச்சாக வடித்தார்.

மஞ்சூரியா, கொரியா, தைவான் ஆகியவற்றுக்கான சுவரொட்டிகளை வீட்டில் மாட்டலாமா?

இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்க வேண்டும். 1906இல் நிறுவப்பட்ட தென் மஞ்சூரிய ரயில்வே, 1934இல் 'ஆசியா' என்னும் விரைவு ரயிலை ஓடவிட்டபோது வெளியிட்ட விளம்பரங்கள் வடிவமைப்பில் மிகச் சிறந்தவை. கொரியாவும் தைவானும் அன்று ஜப்பானின் குடியேற்ற நாடுகள். சீனாவின் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியா 1931க்குப் பின் ஜப்பானிய இராணுவத்தின் பிடியில் இருந்தது. அந்தச் சுவரொட்டிகளில் சிரிக்கும் உள்ளூர்ப் பெண்களும் விளைந்த வயல்களும் அமைதியான நகர வாயில்களும், ஆட்சி செய்பவர்கள் தங்களை நியாயப்படுத்திக்கொள்வதற்காக வரைந்துகொண்டவை. அந்த நாட்டு மக்களுக்கு அவை இன்றும் வலி தருபவை.

வரலாற்றைச் சொல்லும் குறிப்போடு படிப்பறையில் வைப்பதை நான் ஏற்கிறேன். விருந்தினர் கூடும் கூடத்தில் நிறப் பொருத்தத்துக்காக மட்டும் மாட்டுவதை ஏற்க மாட்டேன். வாங்குவதற்கு முன் படத்தில் உள்ள ஊர் எது, வெளியிட்ட நிறுவனம் எது என்று பார்த்தால் இந்த முடிவை எளிதாக எடுக்கலாம்.

போருக்குப் பிந்தையவற்றில் சேகரிக்கத் தகுந்தவை எவை?

கமேகுரா யூசாகு (1915–1997) வடிவமைத்த 1964 டோக்கியோ ஒலிம்பிக் சுவரொட்டிகள் இந்தக் காலத்தின் சிகரம். முதல் சுவரொட்டியில் பெரிய செங்கதிர் வட்டம், அதன் கீழே பொன்னிற வளையங்கள், 'டோக்கியோ 1964' என்ற எழுத்துகள், வேறெதுவும் இல்லை. இரண்டாவதில் ஓட்டப்பந்தய வீரர்கள் இருளிலிருந்து பாய்ந்து வரும் புகைப்படம். ஒலிம்பிக் சுவரொட்டியில் புகைப்படம் பயன்பட்டது அதுவே முதல் முறை. இவை பயணத்தை நேரடியாக விற்கவில்லை. ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியதால், உலகத்தை ஜப்பானுக்கு அழைத்த தாள்கள் என்றே இவற்றைக் கொள்கிறேன்.

அடுத்து வந்தது 'டிஸ்கவர் ஜப்பான்' இயக்கம். 1970 ஒசாகா உலகக் கண்காட்சி முடிந்த கையோடு, குறையவிருந்த ரயில் பயணிகளைத் தக்கவைத்துக்கொள்வதற்காக ஜப்பான் தேசிய ரயில்வே அந்த அக்டோபரில் இதைத் தொடங்கியது. இந்தச் சுவரொட்டிகளில் பல, எந்த ஊர் என்றே அழுத்திச் சொல்லாமல், கிராமத்துப் பாதையிலோ பழைய கோயில் முற்றத்திலோ நடக்கும் இளம்பெண்களை மட்டும் காட்டின. நகரத்து இளைஞர்களுக்கு அவர்களது சொந்த நாட்டையே புதிய இடமாக அறிமுகம் செய்த விளம்பரம் அது. விலை இன்னும் எட்டும் தூரத்தில் இருப்பதால், அசல் ஒன்று வேண்டும் என்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

இன்னும் பிற்காலத்தில், 1982இல் அறிமுகமான 'செய்ஷுன் 18' என்னும் சலுகைப் பயணச்சீட்டுக்கான சுவரொட்டிகளைப் பலர் விரும்பித் தேடுகிறார்கள். கடலை ஒட்டிய எஹிமே மாகாணத்தின் ஷிமோநடா என்னும் சிறு நிலையம், இந்தச் சுவரொட்டிகளால்தான் பயணிகள் தேடிச்செல்லும் இடமாக மாறியது.

கையில் இருப்பது அசலா, மறு அச்சா என்று எப்படிக் கண்டறிவது?

முதலில் அளவைப் பாருங்கள். ஜப்பானில் சுவரொட்டிகளுக்கு 'பி' வரிசை அளவுகளே வழக்கம்: பி1 என்பது 728 × 1030 மில்லிமீட்டர், பி2 என்பது 515 × 728 மில்லிமீட்டர், ரயில் பெட்டியின் நடுவில் தொங்கவிடப்படும் விளம்பரங்களுக்கான பி3 என்பது 364 × 515 மில்லிமீட்டர். போருக்கு முந்தையவை இந்த அளவுகளிலிருந்து சற்று விலகியிருக்கலாம். ஆனால் ஏ3, ஏ2 அளவுகளில் கச்சிதமாக அமைந்த ஒரு '1930களின் சுவரொட்டி' நிச்சயமாக ஐயத்துக்குரியது.

அடுத்து, பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியால் நிறங்களைப் பாருங்கள். கல்லச்சிலும் கையால் தகடு தீட்டிய பழைய ஆஃப்செட் அச்சிலும் நிறம் மணல்போன்ற ஒழுங்கற்ற துகள்களாகவோ தட்டையான பரப்பாகவோ தெரியும். நான்கு நிறப் புள்ளிகள் பூப்போன்ற ஒழுங்கான வட்டங்களாகத் தெரிந்தால், புகைப்படம் எடுத்து மறுபடி அச்சிட்டது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். மை தெளிக்கும் இயந்திரத்தில் அச்சிட்டதென்றால் மிக நுண்ணிய துளிகள் சிதறிக் கிடக்கும். 1960களுக்குப் பிந்தைய அசல் சுவரொட்டிகளிலேயே புள்ளிகள் இருக்கும் என்பதால், இந்தச் சோதனையை ஆண்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எழுத்துகளும் ஆண்டைக் காட்டிக்கொடுக்கும். போருக்கு முன் கிடைவரியில் எழுதப்பட்ட ஜப்பானிய எழுத்துகள் பெரும்பாலும் வலமிருந்து இடமாகச் செல்லும். போருக்குப் பின் இடமிருந்து வலமாகும். 'ரயில்', 'நாடு' முதலிய சொற்களுக்கான கான்ஜி (சீன வழி வந்த) எழுத்துகள் போருக்கு முன் அதிகக் கோடுகளோடும், 1940களின் பிற்பகுதியில் நடந்த சீர்திருத்தத்துக்குப் பின் எளிமையாகவும் இருக்கும். ஓரத்தில் ஷோவா ஆண்டு (ஜப்பானியர் பேரரசரின் ஆட்சிக்காலத்தை வைத்துக் கணக்கிடும் ஆண்டு) குறிக்கப்பட்டிருந்தால் அதோடு 1925ஐக் கூட்டினால் நம் ஆண்டு கிடைக்கும்; ஷோவா 12 என்பது 1937. தைஷோ ஆண்டென்றால் 1911ஐக் கூட்ட வேண்டும். கீழ் ஓரத்தில் டொப்பான், டாய் நிப்போன் போன்ற அச்சகங்களின் பெயர் சிறிய எழுத்தில் இருப்பதும் நல்ல அடையாளமே. மறு அச்சு செய்பவர்கள் இந்த வரியை வெட்டிவிடுவதுண்டு.

மடிப்புக் கோடு, ஊசி குத்திய துளை, மேல் விளிம்பில் உலோகப் பட்டை இருந்த தடம் ஆகியவை இருந்தால் வருந்த வேண்டாம். ஒட்டிப் பயன்படுத்தப்பட்ட தாளுக்கு இவை இயல்பானவை.

மறு அச்சை வாங்குவதில் தவறு உண்டா?

இல்லை, மறு அச்சு என்று சொல்லி விற்கும் வரையில். போருக்கு முந்தைய அசல்கள் அரியவை. அவற்றில் பல அருங்காட்சியகங்களிலேயே இருக்கின்றன. நல்ல தாளில், அசலின் நிற அளவோடு, வெளியீட்டாளர் பெயரையும் ஆண்டையும் தெளிவாகக் குறிப்பிட்டு அச்சிட்ட படியை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். புதிதாக வரைந்துவிட்டுச் செயற்கையாகப் பழுப்பு நிறமும் கீறலும் சேர்த்து விற்பவற்றையே தவிர்க்கச் சொல்கிறேன்.

நீங்களே அச்சிட்டுக்கொள்வதாக இருந்தால் பதிப்புரிமையைக் கவனிக்க வேண்டும். ஜப்பானில் 2018 டிசம்பர் 30 முதல் பதிப்புரிமை படைப்பாளியின் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள் நீடிக்கிறது. அதற்கு முன் 50 ஆண்டுகளாக இருந்தது. ஏற்கெனவே காலாவதியானவை மீண்டும் உயிர்பெறவில்லை என்பதால், 1967க்குள் மறைந்த ஹிசுய், ஹசுய், ஹட்சுசபுரோ ஆகியோரின் படைப்புகள் அங்கே பொதுவுடைமையாகிவிட்டன. 1996இல் மறைந்த சதோமியின் படைப்புகளும் 1997இல் மறைந்த கமேகுராவின் படைப்புகளும் இன்னும் பல பத்தாண்டுகளுக்குப் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. இந்தியச் சட்டம் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் என்று கணக்கிடுகிறது.

வீட்டில் எங்கே, எப்படி மாட்டுவது?

சுவரொட்டி தொலைவிலிருந்து பார்ப்பதற்காக வரையப்பட்டது. ஆகவே குறைந்தது எட்டுப் பத்து அடி தள்ளி நின்று பார்க்க இடமுள்ள சுவரே அதற்கு ஏற்றது. படத்தின் மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 145 முதல் 150 செண்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், நிற்பவர் கண்ணுக்கு அது இயல்பாக எட்டும். நம் வீடுகளில் படங்களைக் கதவு நிலைக்கும் மேலே உயர்த்தி மாட்டும் பழக்கம் சாமிப் படங்களுக்குப் பொருந்தும், சுவரொட்டிக்குப் பொருந்தாது.

ஒரு சுவருக்கு ஒன்றே போதும் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு பயணச் சுவரொட்டியும் நூறு விளம்பரங்களுக்கு நடுவே தன்னை மட்டும் பார்க்க வைப்பதற்காகத் தீட்டப்பட்டது. ஆறேழு படங்களை நெருக்கி மாட்டினால் எல்லாமே ஒரே நேரத்தில் உரக்கப் பேசும். இரண்டை அருகருகே வைக்க வேண்டுமென்றால் ஒரே பாதையையோ ஒரே பத்தாண்டையோ சேர்ந்தவற்றை வையுங்கள். அடர்ந்த நீலமும் கருஞ்சிவப்பும் கொண்டவற்றுக்கு வெள்ளை அல்லது வெளிர்மணல் நிறச் சுவர் பொருந்தும். பூவேலைப்பாடு கொண்ட சுவர்த்தாள் பொருந்தவே பொருந்தாது.

சட்டம் மெலிதாக, கறுப்பிலோ இயற்கை மர நிறத்திலோ இருக்கட்டும். பொன்முலாம் பூசிய அகலச் சட்டம் இந்தத் தாள்களின் நேர்மையான எளிமையைக் கெடுத்துவிடும். பி2 அளவு அங்குலக் கணக்கில் ஏறத்தாழ 20¼ × 28⅝ வருவதால், கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டத்தில் பொருத்துவதற்காகத் தாளின் ஓரத்தை வெட்ட அனுமதிக்கக் கூடாது. அச்சகத்தின் பெயரும் ஆண்டும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன.

வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் எப்படிப் பாதுகாப்பது?

சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு வெளிச்சத்தைவிட ஈரமே பெரிய எதிரி. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரிலும், குளியலறையை ஒட்டிய சுவரிலும், சமையலறையிலும் தாளில் அச்சான எதையும் மாட்ட வேண்டாம். சட்டத்தின் பின்புறம் நான்கு மூலைகளிலும் சிறு தக்கை அல்லது ரப்பர்த் துண்டு ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓட வழி கிடைக்கும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது படத்தை இறக்கி, பின்பக்கத்தில் பூஞ்சணமோ வெள்ளிமீன் பூச்சியோ இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஸ்டார்ச் பசையும் பழைய தாளும் இந்தப் பூச்சிகளுக்கு விருப்பமான உணவு.

தாள் கண்ணாடியைத் தொடவே கூடாது. நடுவில் அமிலமற்ற அட்டை ஓரம் வைத்து இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் வியர்க்கும் கண்ணாடியில் மை ஒட்டிக்கொள்ளும். பின்னட்டையும் அமிலமற்றதாகவே இருக்க வேண்டும். கடைகளில் வழக்கமாக வைக்கும் அழுத்தப் பலகை சில ஆண்டுகளில் தாளைப் பழுப்பாக்கிவிடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் தகடு விலை கூடியது, அசல் படத்துக்குக் கட்டாயம் தேவையானது. அருங்காட்சியகங்கள் தாள் படைப்புகளுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் வெளிச்சமே கொடுக்கின்றன. வீட்டில் அந்த அளவைப் பின்பற்ற முடியாது என்றாலும், நேர்வெயில் விழாத சுவரையாவது தேர்ந்தெடுக்கலாம்.

கிழிந்ததை ஒட்டலாமா?

ஒட்டும் நாடாவை மட்டும் தொடாதீர்கள். அதன் பசை மஞ்சளித்துத் தாளுக்குள் ஊறிவிடும். அசல் சுவரொட்டியை மெல்லிய ஜப்பானியத் தாளின் மீதும் துணியின் மீதும் கோதுமைப் பசையால் ஏற்றி நிறுத்தும் முறை ஒன்று உண்டு. தேவைப்பட்டால் ஈரப்படுத்திப் பிரித்தெடுக்க முடியும் என்பதே அதன் சிறப்பு. தாள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் மட்டுமே இதை ஒப்படைக்க வேண்டும்.

இவற்றை நேரில் எங்கே பார்க்கலாம்?

டோக்கியோ தேசிய நவீனக் கலை அருங்காட்சியகம் 2016இல் 1920–30களின் சுற்றுலாவும் வடிவமைப்பும் குறித்துத் தனிக் கண்காட்சியே நடத்தியது. கியோட்டோ தொழில்நுட்பக் கழகத்தின் அருங்காட்சியகத்தில் பெரிய சுவரொட்டித் தொகுப்பு இருக்கிறது. ஹிசுயின் படைப்புகளுக்கு மட்சுயாமாவில் உள்ள எஹிமே கலை அருங்காட்சியகம் செல்ல வேண்டும். யோக்கஹாமாவின் யமஷிதா பூங்கா ஓரத்தில் 1930இல் கட்டப்பட்ட ஹிகாவா மாரு கப்பல் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது; சுவரொட்டிகள் வாக்களித்த கப்பல் பயணம் உள்ளே எப்படி இருந்தது என்பதை அதன் அறைகளில் நடந்து அறியலாம். அதை இயக்கிய நிப்போன் யூசென் நிறுவனத்தின் ஐரோப்பியப் பாதைக் கப்பல்கள் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் நின்று சென்றவை என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

குறைந்த செலவில் அசல் ஒன்றை வாங்க வழி உண்டா?

சுவரொட்டிகளை விட்டுச் சற்று நகர்ந்து பாருங்கள். ஹட்சுசபுரோவின் மடிப்பு வரைபடங்கள் சுற்றுலாப் பயணிகளுக்காகப் பெருமளவில் அச்சிடப்பட்டவை. டோக்கியோவின் ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைத் தெருவில் இன்றும் கிடைக்கின்றன. விரித்தால் நீண்ட கிடைவாட்டப் படமாகும் அதை, சோபாவுக்கு மேலே உள்ள அகலச் சுவரில் ஒற்றைச் சட்டத்தில் மாட்டலாம். 1930களின் விடுதிகள் விருந்தினரின் பெட்டிகளில் ஒட்டிய சிறிய ஒட்டுச்சீட்டுகளும் அப்படியே. உள்ளங்கை அளவுத் தாளில் ஒரு மலை, ஒரு கூரை, ஒரு பெயர் என்று சுவரொட்டியின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கும். நான்கைந்தை ஒரே அட்டையில் இடைவெளி விட்டு அமைத்துச் சட்டமிட்டால், வாசற்பக்கத்துக் குறுகிய சுவருக்கு அது போதும். வாங்கும்போது பின்பக்கம் கிழியாமல் இருப்பதையும், மூலைகள் முழுமையாக இருப்பதையும் மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.